விறகிடும் முறை

மனிதன் தன் கைவசப்படுத்திக்கொண்ட இயற்கை ஆற்றல்களுள் நெருப்பு மிகப் பழையது. ஆயினும் அதனை நாள்தோறும் ஆள்வோர் கல்லூரி வகுப்பறையில் இருப்பவர் அல்லர், அடுக்களையில் இருப்பவரே. வகுப்பறையில் நாம் எரிதலின் இலக்கணத்தைக் கற்கின்றோம். சமன்பாடு எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றோம். விடுமுறையில் வீடு சென்றவழி, அடுப்பு ஏன் இவ்வாறு புகைகின்றது என்று தாயார் வினவினால், விறகு சரியில்லை என்பதன்றி வேறு விடை கூற அறியோம். வகுப்பறைக்கும் அடுக்களைக்கும் இடையேயுள்ள இத்தொலைவைச் சிறிது குறைக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்காலத்தில் விறகடுப்பைக் குறித்து எழுதுதல் வேண்டாத வேலை எனச் சிலர் கருதலாம். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய அரசினர் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் கோடிக்கணக்கான எளிய இல்லங்கள் எரிவாயு இணைப்புப் பெற்றன என்பது உண்மையே. ஆனால் எரிவாயு உருளை புகுந்த வீட்டினின்று விறகடுப்பு முற்றும் வெளியேறிவிட்டதெனக் கூறுதல் இயலாது. குளிப்பதற்கு வெந்நீர் வைத்தல், நெல் அவித்தல், மாட்டுக்குத் தீவனம் காய்ச்சுதல், பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தல், திருமணப் பந்திக்குச் சோறாக்கல் ஆகிய தொழில்கள் பல ஊர்களில் இன்றும் விறகினாலேயே நடைபெறுகின்றன. உருளை தீர்ந்து மறு உருளை வாங்கப் பொருளில்லாத நாள்களில் அன்றாடச் சமையலும் விறகிற்கே திரும்புகின்றது. வீட்டினுள் எழும் புகை முதலிய மாசுகளால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் மக்கள் உயிரிழந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆதலின் புகை என்பது கண்ணைக் கரிக்கும் சிறு தொல்லை மாத்திரமன்று. உயிரோடு தொடர்புடைய பொருளாகும்.

புகையும் நெருப்பும்

புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணிதல் அனுமானத்திற்குத் தருக்க நூலார் காட்டும் முதல் எடுத்துக்காட்டு. மலையிற் புகை காண்கின்றோம். புகையுள்ளவிடத்து நெருப்புண்டென்பதை அடுக்களையிற் கண்டறிந்துள்ளோம். ஆகவே மலையில் நெருப்புண்டு என்று முடிவு செய்கின்றோம். நெருப்பில்லாமற் புகையாது என்னும் நம் நாட்டுப் பழமொழியும் இதனையே கூறும்.

இனி இதனைத் திருப்பி, நெருப்புள்ள இடமெல்லாம் புகையும் உண்டு எனக் கூறலாமோ? ஆகாது என்பர் அந்நூலார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்புண்டு, புகையில்லை. அவ்வாறாயின் நெருப்பினிடத்துப் புகை தோன்றுவதற்கு வேறொரு காரணம் கூடவேண்டும். அதனை அவர்கள் உபாதி என்றழைத்து, அவ்வுபாதி ஈரவிறகின் சேர்க்கையே என்றும் வரையறுத்தனர். அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகத்தைப் பயின்ற மாணவர் இதனை நன்கறிவர்.

இவ்விடத்து நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. புகை நெருப்பின் இயல்பன்று. இடையே வந்து சேர்ந்தது. சேர்ந்ததாயின் அதனை நீக்கவும் கூடும். அடுப்பென்றால் புகையத்தான் செய்யும் என்று நம் வீடுகளில் வழங்கும் சொல் தருக்க நூலுக்கும் ஒவ்வாது, இயற்கை நூலுக்கும் ஒவ்வாது. ஆயினும் இக்கால ஆராய்ச்சியாளர் தருக்க நூலார் கூறிய உபாதியைச் சற்று விரித்துரைப்பர். ஈரம் ஒன்றே காரணமன்று. விறகு நன்கு உலர்ந்திருப்பினும் அதனை அடுப்பில் வைக்கும் முறை பிழைபடின் புகை எழவே செய்யும். அம்முறையாது என்பதை அறிதற்கு, எரிவது யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

எரிவது யாது?

விறகு எரிகின்றது என்கின்றோம். நுணுகி நோக்கின், சுடராய் எரிவது விறகன்று. விறகினின்று எழும் ஆவியே. மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் 1860-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1861-ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக இலண்டன் மாநகரில் இளைஞருக்கென நிகழ்த்திய 6 சொற்பொழிவுகளில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே இவ்வுண்மையை விளக்கினார். சுடரின் நடுவில் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயின் முனையை வைத்து, அங்குள்ள ஆவியை மற்றொரு முனை வழியாக வெளிப்போக்கி, அம்முனையிலும் தீக்கொளுத்திக் காட்டினார். சுடரை மெல்ல ஊதி அணைத்தபின் எழும் வெண்ணிறப் புகையில் எரியும் குச்சியைக் காட்டிய அளவில், தீ அப்புகை வழியே கீழிறங்கித் திரியை மீண்டும் பற்றுவதையும் காட்டினார். விறகடுப்பிலும் இதனைக் காணலாம். புகைந்துகொண்டிருக்கும் அடுப்பை ஊதுகுழலால் ஊதியவுடன் பக்கென்று சுடர் எழுகின்றதன்றோ? அப்பொழுது பற்றியது விறகன்று. அதுவரை வீணே வெளியேறிக்கொண்டிருந்த புகையே.

விறகு எரிவதில் மூன்று நிலைகள் உள. முதல் நிலையில் அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும். இரண்டாம் நிலையில், வெப்பம் ஏறக்குறைய 200 பாகை செண்டிகிரேடைக் கடந்தபின், மரப்பொருளே சிதைந்து எரியத்தக்க ஆவிகளாகப் பிரியும். உலர்ந்த மரத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு வரை இவ்வாறு ஆவியாகிவிடும். மூன்றாம் நிலையில் எஞ்சிய கரி, சுடரின்றித் தணலாய்க் கனன்று நீறாகும். தணலில் புகையில்லை. யோவான் சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்திலே கடற்கரையில் மீன் வைக்கப்பட்டிருந்தது கரிநெருப்பின் மீதே என்பதை நம் வாசகர் நினைவுகூர்வர். ஆனால் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி தணலில் இல்லை. இரண்டாம் நிலையில் எழும் ஆவியிலேயே உள்ளது. அவ்வாவி எரிந்தால் சுடர். எரியாது தப்பினால் புகை. ஆகவே புகை என்பது நாம் விலை கொடுத்து வாங்கிய விறகின் ஒரு கூறே எரியாமல் காற்றிற் கலந்து, சுவரையும் பாத்திரத்தையும் சமைப்பவரின் மார்பையும் சென்றடைவதாகும்.

மூன்று தேவைகள்

அவ்வாவி முற்றும் எரிவதற்கு உலர்வு, காற்று, வெப்பம் என மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

உலர்வைக் குறித்து ஒரு கணக்குப் பார்ப்போம். நீர் நீங்கிய மரப்பொருள் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 4,300 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். நன்கு காய்ந்த விறகிலும் நூற்றுக்கு 15 பங்கு நீர் இருக்கும். அத்தகைய விறகு ஒரு கிலோவில், நீரை ஆவியாக்குஞ் செலவு போக, 3,560 கிலோகலோரி எஞ்சும். அன்று வெட்டிய பச்சை விறகில் பாதி நீர் எனக் கொண்டால், மரப்பொருளின் வெப்பம் 2,150. நீரை 30 பாகையினின்று கொதிநிலைக்கேற்றி ஆவியாக்க 305 செலவாகும். எஞ்சுவது 1,845. எடைக்கு விறகு வாங்குவோன் பச்சை விறகை வாங்கின், நீரையும் விறகின் விலைக்கே வாங்குகின்றான் என்பது இதனால் விளங்கும்.

எனினும் கணக்கு இத்துடன் முடிந்ததன்று. நீரை ஆவியாக்குவதில் இழந்தது அம்மரப்பொருளின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கே. அங்ஙனமாயின் பச்சை விறகால் உலை கொதிக்க அத்துணைத் தாமதம் ஆவதேன்? நீராவி அடுப்பினுள்ளே வெப்பநிலையைத் தாழ்த்திவிடுகின்றது. மர ஆவிகள் நன்கு எரிய ஏறக்குறைய 600 பாகை வெப்பம் வேண்டும். அந்நிலை கிட்டாதபோது அவை எரியாமலே வெளிச்செல்கின்றன. நீருக்குச் செலவான வெப்பம் சிறிது. நீரினால் எரியாது போன வெப்பமே பெரிது.

காற்றைக் குறித்தும் ஓரளவு கூறலாம். ஒரு கிலோ உலர்ந்த மரப்பொருள் முற்றும் எரிய, ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். அது 5 கன மீட்டர் இடத்தை நிறைக்கும் காற்றாகும். அத்துணைக் காற்றும் அடுப்பு வாயின் வழியே, விறகுகளின் இடைவெளியூடே நுழையவேண்டும். வாய் நிறைய விறகைத் திணித்தால் காற்றுக்கு வழியேது? எரிபொருள் மிகுந்தும் எரிதல் குறைந்தும் போவது இதனாலேயே.

மூன்றாவதாகிய வெப்பம், கொள்ளிகள் ஒன்றன் முகத்தை ஒன்று நோக்கியிருப்பதால் நிலைபெறுகின்றது. தனித்த கொள்ளி விரைவில் அணையும். அதன் வெப்பம் நாற்புறமும் சிதறிப்போகும். இரண்டு மூன்று கொள்ளிகள் அண்மையில் இருப்பின் ஒன்றினின்று சிதறும் வெப்பத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்னும் பழமொழி வேறு பொருளில் வழங்குவதாயினும், அடுப்பைப் பொறுத்தவரை எந்தக் கொள்ளியும் தனியே நல்லதன்று, சேர்ந்திருப்பதே நல்லது. ஆனால் ஒட்டியிருத்தலாகாது. காற்றுக்கு இடைவெளியும் வெப்பத்திற்கு அண்மையும் வேண்டுதலின், இவ்விரண்டையும் ஒருசேர அமைப்பதே விறகிடுவோரின் திறமையாகும்.

விறகை ஆயத்தம் செய்தல்

நல்ல அடுப்பு வேலை அடுப்பில் தொடங்குவதன்று, கோடரியில் தொடங்குவது. நான்கு அங்குலச் சதுரமுள்ள ஒரு கட்டையை நான்காகப் பிளந்தால், மரத்தின் அளவு மாறாதிருக்க, பக்கப் பரப்பு இரட்டிப்பாகும். உலர்தலும் பற்றுதலும் பரப்பின் வழியே நிகழ்வனவாதலின், பிளவாத கட்டை கோடை முழுதும் வெயிலிற் கிடப்பினும் உள்ளே ஈரம் விடாது. பட்டை நீரை உள்ளே தடுத்து நிறுத்தும். பிளந்த முகம் அதனை வெளிவிடும். சமையலடுப்பிற்குக் கைப்பெருவிரலின் பருமன் முதல் மணிக்கட்டின் பருமன் வரையுள்ள விறகும், ஒரு முழத்திற்குச் சற்று மிகுந்த நீளமும் போதும்.

பிளந்த விறகை மண்மீது குவித்தலாகாது. கீழே இரண்டு கட்டைகளை இட்டு, அவற்றின்மேல் ஒரு வரிசை நெடுக்காகவும் மறு வரிசை குறுக்காகவும் அடுக்கி, மேலே கூரையிட்டுப் பக்கங்களைத் திறந்துவிடல் வேண்டும். இவ்வாறு அடுக்கின் காற்று ஊடுருவும். தேளும் பாம்பும் ஒதுங்குவதற்கு இடமும் குறையும். காய்ந்த விறகிற்கு அடையாளங்கள் உள. முனைகளில் வெடிப்புக் காணும், பட்டை எளிதில் கழலும், கையிலெடுக்க இலேசாயிருக்கும், இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரவிறகு மந்தமாய் ஒலிக்கும்.

எம்மரம் நல்லது என்பது அடுத்த வினா. உலர்ந்தபின் எடைக்கு எடை நோக்கின் மரங்கள் தரும் வெப்பத்தில் பெரிய வேறுபாடில்லை. சவுக்கு, உடை, புளி, சீமைக்கருவேல் முதலியன செறிவுடையன; ஆதலின் நின்று எரிந்து நல்ல தணலைத் தரும். முருங்கை, இலவு, முள்முருங்கை முதலியன இலேசானவை; விரைந்து எரிந்துவிடும். தென்னை மட்டையும் சிரட்டையும் வேகமாய்ச் சுடர் விடும். உலையைக் கொதிக்கவைக்க உதவும். அரளிக் கட்டையை மாத்திரம் அடுப்பிற்குக் கொண்டுவரலாகாது. அதன் புகையும் நஞ்சாகும்.

அடுப்பில் இடுதல்

நம் வீட்டு மண்ணடுப்பு எளிய அமைப்புடையது. மூன்று புறம் சுவர், முன்புறம் வாய், மேலே பாத்திரத்தைத் தாங்க மூன்று குமிழ்கள். சில வீடுகளில் அருகே ஒரு கொடியடுப்பு இணைந்திருக்கும். பேரடுப்பின் சுடர் துவாரத்தின் வழியே அதற்குச் சென்று குழம்பைக் கொதிக்கச் செய்யும். குமிழ்களின் உயரம் வீணாக அமைந்ததன்று. கொதிக்கும் நீர் 100 பாகைக்கு மேல் ஏறாதாகையால், சுடரோடு ஒப்பிடின் பாத்திரத்தின் அடி மிகக் குளிர்ந்தது. சுடரின் நடுவே அது அமர்ந்துவிடின் எரிந்துகொண்டிருக்கும் ஆவி குளிர்ந்து கரியாகப் படியும். சுடர் தன் தொழிலை முடித்து, அதன் நுனி மாத்திரம் அடியைத் தொடும் அளவே சரியான உயரம். பாத்திரத்தின் அடியில் நாள்தோறும் பிடிக்கும் கரியைக் கொண்டே அடுப்பின் நலத்தை அளந்தறியலாம்.

இனி முறையைக் கூறுவோம். முதலில் பழைய சாம்பலை வாரிவிட்டு, ஒரு விரற்கடை அளவு மாத்திரம் விட்டுவைத்தல் நன்று. அச்சிறு படலம் வெப்பம் நிலத்துள் இறங்காது காக்கும். மிகுந்தால் காற்றை அடைக்கும். அடுத்து அடுப்பு வாயில் ஒரு செங்கற்றுண்டையேனும் இரும்புக் கம்பியையேனும் குறுக்கே வைத்து, விறகின் வெளிப்பகுதி அதன்மேல் தங்குமாறு செய்தல் வேண்டும். அதனால் விறகின் கீழே காற்று நுழைந்து தணலைச் சேரும். பின்பு பன்னாடை, காய்ந்த பனையோலை, சோளத்தட்டை இவற்றுள் ஒன்றை உள்ளே வைத்து, அதன்மேல் சுள்ளிகளைச் சாய்வாக அடுக்கித் தீ மூட்டல் வேண்டும். பிளாஸ்டிக் உறைகளைக் கொண்டு தீ மூட்டும் வழக்கம் இந்நாளில் பரவியுள்ளது. அப்புகை நச்சுடையதாதலின் அதனை அறவே விலக்குதல் வேண்டும். கனலும் தணலின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுதலும் கொடிய அபாயத்தைத் தரும். எண்ணெய் ஆவியாகி ஒரே கணத்தில் முகத்தளவு எழும்பும்.

சுள்ளிகள் நன்கு பற்றியபின் இரண்டு அல்லது மூன்று விறகுகளை, நுனிகள் அடுப்பின் நடுவே கூடுமாறும், ஒன்றற்கொன்று ஒரு விரற்கடை இடைவெளி இருக்குமாறும் வைத்தல் வேண்டும். எரியவேண்டுவது நுனி மாத்திரமே. நுனி எரிய எரிய விறகைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிவரல் வேண்டும். விறகு முழுவதையும் ஒருசேர உள்ளே தள்ளிவிடின், அதன் நீளமெங்கும் ஒரே காலத்தில் வெப்பமேறி, சுடர் ஏற்கக்கூடிய அளவிற்கு மிகுதியாக ஆவி கிளம்பிவிடும். நுனியை மாத்திரம் கொடுப்பதால், சுடர் உண்ணும் அளவிற்கே ஆவி பிறக்கின்றது. குழந்தைக்குப் பிடி பிடியாகச் சோறூட்டுதல் போல்வதாம் இது.

புதிய விறகைச் சேர்க்கும்பொழுது மற்றொரு விதியையும் கைக்கொள்ளல் வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் கொள்ளிகளின்மேல் புதியதைப் போர்த்தினாற்போல் வைப்பது பெரும்பாலோர் வழக்கம். அவ்வாறு வைத்தால் சுடர் நசுங்கும். புதிய விறகின் ஆவி சுடருக்கு மேலே பிறந்து, எரியாமலே வெளியேறும். புதிய விறகை எரியும் கொள்ளியின் பக்கத்தே, அதன் நுனி தணலைத் தொடுமாறு வைத்தால், அதன் ஆவி சுடரைக் கடந்தன்றி மேலே செல்ல இயலாது. ஆவி சுடரைக் கடந்தே வெளியேறவேண்டும் என்னும் இவ்விதி ஒன்றே விறகிடும் முறை அனைத்திற்கும் மூலமாகும். பழைய கொள்ளி தணலாகிச் சோருமுன்னரே புதியதைச் சேர்த்துவிடல் நன்று.

புகையின் நிறமும் நமக்குச் செய்தி கூறும். வெண்புகை எழுந்தால் ஆவி பிறக்கின்றது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். விறகு ஈரமாயிருக்கலாம், அல்லது தணல் குறைந்திருக்கலாம். சுள்ளி இட்டுச் சுடரை எழுப்புக. கரும்புகை எழுந்தால் சுடருண்டு, காற்றுப் போதவில்லை என்று பொருள். ஒரு விறகை வெளியே இழுத்துவிடுக. ஊதுகுழலைக் கையாளும்போது காற்றைத் தணலின்மேல் செலுத்துதல் வேண்டும், சுடரின்மேல் அன்று. ஓயாமல் ஊதவேண்டிய அடுப்பு, விறகு சரியாக வைக்கப்படாத அடுப்பென அறிக.

உலை கொதித்தபின் செய்யவேண்டுவதையும் கூறவேண்டும். கொதிக்கும் நீரின் கீழ் எத்துணை விறகிட்டாலும் அதன் வெப்பம் ஏறாது, நீராவியே மிகும். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்னும் பழமொழி இயற்கை நூற் பாடமாகவே உளது. ஒரு கொள்ளியை வெளியே இழுத்து, பாத்திரத்தை மூடி, எஞ்சிய சுடராலும் தணலாலும் சோற்றை வேகவைத்தலே சிக்கனம். இழுத்த கொள்ளியின்மேல் நீர் தெளித்தால் மறுநாளைக்கு ஈரவிறகாகிவிடும். அதன் நுனியைச் சாம்பலுள் அல்லது மணலுள் புதைத்து அணைத்தல் நன்று.

பிற அடுப்புகள்

மேற்கூறிய விதி எல்லா அடுப்பிற்கும் ஒக்கும். அதனை நிறைவேற்றும் வகை வேறுபடும். பந்திக்குச் சமைக்கும் கோட்டையடுப்பில் பருத்த கட்டைகளும் புகையாது எரிவதுண்டு. நெருப்புப் பெரிதாதலின் உள்ளே வெப்பம் மிகுந்து நிற்பதே காரணம். அதனைக் கண்டு வீட்டுச் சிற்றடுப்பிலும் பருத்த கட்டையை வைத்தல் பொருந்தாது. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் மூடிய இரும்படுப்புகளில் விறகை ஒரே தடவையில் நிரப்பிக் கதவை மூடிவிடுவர். அங்கே பெரிய பிளவுகளைக் கீழேயும் சிறியவற்றை மேலேயும் இடைவெளியுடன் அடுக்கி, உச்சியில் சுள்ளியிட்டுத் தீ மூட்டுதல் சிறந்த முறையெனக் கொள்ளப்படுகின்றது. தீ மேலிருந்து கீழிறங்குவதால், கீழேயுள்ள விறகின் ஆவி மேலேயுள்ள சுடரைக் கடந்தே செல்லவேண்டியதாகின்றது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் 1845-ஆம் ஆண்டில் குடியேறத் தொடங்கிய கொடைக்கானலின் பழைய வீடுகளில் கணப்புகளைக் கண்டவர்க்கு இவ்வகை விறகடுக்கும் முறை புதியதன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாது விடலாகாது. மலையூர்களில் குளிருக்கஞ்சி, தணல் நிறைந்த சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவுகளையும் சன்னல்களையும் அடைத்து உறங்குவோர் உளர். தணலில் புகையில்லை என்பதால் தீங்குமில்லை எனக் கருதுதல் தவறு. கரி போதிய காற்றின்றிக் கனலும்போது கார்பன் மானாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் விழிக்காமலே உயிர்துறப்பர்.

அடுப்பையே திருத்தியமைக்கும் முயற்சிகளும் நம் நாட்டில் பல நடந்துள்ளன. 1947-ஆம் ஆண்டளவில் வார்தாவிலுள்ள மகன்வாடியில் மகன் சூல்கா என்னும் அடுப்பு அமைக்கப்பட்டது. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ். பி. ராஜு என்பார் புகைபோக்கியோடு கூடிய அடுப்பொன்றை அமைத்து, அதனை விளக்கி எழுதிய ஆங்கில நூல் 1953-இல் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. 1983-இல் மத்திய அரசினர் சீர்திருத்த அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் தொடங்கினர். இவை போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும் புகைபோக்கியைத் துப்புரவு செய்யாது அடைபடவிட்டதும், பருத்த கட்டையைப் புகுத்த வேண்டி அடுப்பு வாயை உடைத்து அகலமாக்கியதும் உண்டு. நல்ல அடுப்பு நல்ல விறகிடும் முறைக்குத் துணையாகுமேயன்றி, அம்முறைக்கு ஈடாகாது.

கடமை யாருடையது?

இதுகாறும் கூறியவற்றைப் பயின்ற மாணவர், வீடு சென்று அடுப்பின்முன் இருப்பவர்க்கு உபதேசம் செய்யத் தொடங்குவாராயின் இக்கட்டுரை தன் நோக்கத்தில் தவறியதாகும். நுனி எரிய உள்ளே தள்ளுதலும், கொதித்தபின் இழுத்தலும் அவர்கள் நெடுங்காலம் செய்துவருவனவே. அவர்கள் கையில் இல்லாதது வேறு. பிளவாத கட்டையை வாங்கிவந்து வாயிலில் எறிந்தவர் யார்? மழையில் நனையுமாறு அதனை விட்டவர் யார்? பின்பு சோறு தாமதித்ததென்று சினந்தவர் யார்? விறகு காய்வதும் பிளப்பதும் அடுக்குவதும் அடுப்பிற்கு வெளியே நடப்பன. அவற்றில் நேரும் குறையின் பயனை மாத்திரம் அடுப்பின்முன் இருப்பவர் கண்ணாலும் மூச்சாலும் ஏற்கின்றனர். வேறு அடுப்போ எரிவாயுவோ கிடைக்குமிடத்து அதனை வாங்கித் தருதலே முதற்கடமை. கிடைக்காதவிடத்தும், வெந்நீரடுப்பு முதலியவற்றிலும், உலர்ந்த விறகைக் கொடுத்தலேனும் நம்மால் இயலாத செயலன்று.

கோடை விடுமுறை சித்திரை வைகாசியில் வருகின்றது; வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குகின்றது. இடையே ஐந்து மாதங்கள் உள. விடுமுறையின் முதல் வாரத்தில் ஒரு கோடரியை எடுத்து, வீட்டு விறகைப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே நான்கு ஓலையைப் போட்டு வைத்தால், ஐப்பசி மழையில் அவ்வீட்டு அடுப்பு சுடர்விட்டெரியும். எரிதலின் இலக்கணத்தைக் கற்ற மாணவர் அதனை இவ்வகையிலும் எழுதிக் காட்டவேண்டுமென்பது எம் வேண்டுகோள்.